இலங்கை மலாய்: அழிவின் விளிம்பில் ஓர் ஆஸ்திரோனேசிய மொழி – எதைக் காப்பாற்றுவது?

நெய்தலார் (இழையைத் தொடங்கியவர்)

ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பம் என்றவுடன் தாய்வான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மடகாஸ்கர், பசிபிக் தீவுகள் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இலங்கையில், தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் பேசப்பட்டு வருகிறது என்பதும், அது இன்று மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது என்பதும் தமிழ் வாசகர்களிடையே போதிய அளவு பேசப்படவில்லை. ஆகவேதான் இந்த இழை.

இலங்கை மலாயரின் முன்னோர்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய காலம் தொட்டு, இன்றைய இந்தோனேசியாவிலுள்ள ஜாவா, மதுரா, அம்போன், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) முதலிய இடங்களிலிருந்து படைவீரர்களையும் கைதிகளையும் அடிமைகளையும் இங்கே கொண்டுவந்தார்கள். தங்களை எதிர்த்த அரசர்களையும் இளவரசர்களையும் குடும்பத்தோடு நாடுகடத்தி இங்கே வைத்தார்கள். 1708இல் பிடிபட்ட ஜாவாவின் மன்னர் மூன்றாம் அமங்குராத்தும், 1767இல் நாடுகடத்தப்பட்ட, சுலாவெசித் தீவிலுள்ள கோவாவின் சுல்தான் பக்ருத்தீனும் அவர்களுள் அடங்குவர். வீட்டில் ஜாவா மொழி பேசியவரும் மக்காசார் மொழி பேசியவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்குத் துறைமுகங்களில் வழங்கிய சந்தை மலாய்தான் பொதுமொழியாக இருந்தது. இலங்கை மலாயின் வேர் அந்தப் பேச்சு மலாயே. அரசவை மலாயிலிருந்து அது கிளைத்ததாகத் தெரியவில்லை.

1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகு மலாய்ப் படைப்பிரிவு தொடர்ந்தது. அதுவே பின்னர் இலங்கை ரைபிள் படையாயிற்று. படைமுகாமுக்குள் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்ததால் மொழியும் சேர்ந்து வாழ்ந்தது. 1873இல் அந்தப் படை கலைக்கப்பட்டபோது குடும்பங்கள் பொலிஸ் சேவைக்கும் தீயணைப்புப் படைக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சிதறிப் போயின. மொழிக்கு விழுந்த முதல் பெரிய அடி அதுதான் என்பது என் கருத்து. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மலாயராகப் பதிவானவர்கள் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள். அவர்களிலும் மொழியைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்கள். கொழும்பில் பல குடும்பங்கள் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டன. தென்கிழக்குக் கரையிலுள்ள கிரிந்தை என்ற மீனவர் ஊரில் மட்டும் சிறுவர்களும் மலாய் பேசி வளர்வதை ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த மொழியைக் காப்பது என்றால் எதைக் காப்பது? வீட்டில் பேசப்படும் இலங்கை மலாயையா, அல்லது மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் உள்ள தரமலாயை (தரப்படுத்தப்பட்ட மலாயை) கற்பித்து இவர்களை மீண்டும் மலாய் பேசும் சமூகமாக்குவதா? சமூகத்துக்குள்ளேயே இது குறித்து இரு கருத்துகள் உள்ளன. இந்த இழையில் இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

வடமராட்சி வாசகர்

நல்ல இழை, நன்றி. எனக்கு ஓர் ஐயம். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியின் பெயரில் உள்ள சாவகர் இவர்களுடைய முன்னோர்தாமா? அப்படியானால் மலாயரின் வரலாறு ஒல்லாந்தர் காலத்துக்கு மிகவும் முந்தியதாகிவிடும் அல்லவா?

நெய்தலார்

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே முறை. 13ஆம் நூற்றாண்டில் மலாய்த் தீபகற்பத்திலிருந்த தாம்பரலிங்கத்து அரசன் சந்திரபானு இலங்கை மீது படையெடுத்தான். 1247இல் நிகழ்ந்த முதல் படையெடுப்பை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அவனுடைய ஆட்களைத்தான் பழைய நூல்கள் சாவகர் என்கின்றன. சாவகச்சேரியின் பெயரையும் அவர்களோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தச் சாவகரின் மொழி எதுவும் இங்கே எஞ்சவில்லை. இன்று பேசப்படும் இலங்கை மலாயின் சொற்களையும் ஒலிகளையும் பார்த்தால் அது 17, 18ஆம் நூற்றாண்டுகளின் துறைமுக மலாயிலிருந்து வந்தது என்பது தெளிவாகவே தெரிகிறது.

ஒலியன் (மொழியியல் மாணவி)

மொழியின் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். இந்த விவாதத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிக்கு நெருக்கமாகவே எழுதுகிறேன். முழுத் துல்லியம் கிடைக்காது.

சொற்களைப் பார்த்தால் இது ஐயத்துக்கு இடமில்லாத ஆஸ்திரோனேசிய மொழி. கண்ணுக்கு மாத்த, ஐந்துக்கு லீம. தரமலாயில் மாத்தா, லீமா. ஹவாய் மொழியில் கண் மாக்கா. அங்கே கையைக் குறிக்கும் லிமா என்ற சொல்லும் ஐந்து என்பதோடு ஒரே மூலத்தைக் கொண்டது. மடகாஸ்கரின் மலகாசியில் ஐந்து டிமி. உறவு சொற்களிலேயே வெளிப்படையாக இருக்கிறது.

வாக்கியத்துக்குள் நுழைந்தவுடன் காட்சி மாறிவிடுகிறது. தரமலாயில் வினை நடுவில் வரும். இடத்தையும் திசையையும் காட்டும் சொற்கள் பெயருக்கு முன்னால் வரும். வீட்டுக்கு என்பது கெ ரூமா, வீட்டில் என்பது டி ரூமா, வீட்டிலிருந்து என்பது டாரி ரூமா. இலங்கை மலாயில் இவை மூன்றும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன: ரூமா-நங், ரூமா-க, ரூமா-டெரிங். என் வீடு என்பதைத் தரமலாயில் ரூமா சாயா என்று வீட்டை முன்னால் வைத்துச் சொல்வார்கள். இங்கே செப்பே ரூமா என்று நம்மைப் போலவே உடையவரை முன்வைக்கிறார்கள். அந்தப் பே என்ற உருபு, உடைமையைக் குறிக்கும் புஞ்ஞா என்ற மலாய்ச் சொல்லின் தேய்வு. செயப்படுபொருளுக்கு யங் என்ற உருபு இருக்கிறது. தமிழில் பொதுவாக ஒரு புத்தகம் வாங்கினேன் என்பதற்கும், குறிப்பிட்ட புத்தகத்தை வாங்கினேன் என்பதற்கும் இடையே ஐ உருபு செய்யும் வேலையை இதுவும் ஏறத்தாழச் செய்கிறது.

இன்னொன்றைப் பாருங்கள். தரமலாயில் சாயா தாவு என்றால் நான் அறிவேன். இலங்கை மலாயில் செ-டங் தாவு. டங் என்பது நான்காம் வேற்றுமை உருபு. ஆக, எனக்குத் தெரியும் என்ற அமைப்பு அப்படியே வந்துவிடுகிறது. அவர் வருவார் என்று சொன்னார் என்பதை இஞ்சயங் அத்தி-டாத்தங் கத்த சு-பீலாங் என்பார்கள். இதில் கத்த என்பது சொல் என்று பொருள்படும் மலாய்ச் சொல். தமிழின் என்று என்பதும் என் என்னும் சொல்லுதல் வினையிலிருந்தே பிறந்தது. சாப்பிட்டுப் போனார்கள் என்பதற்கு டெராங் அச-மாகங் சு-பீ. இங்கே அச என்ற முன்னொட்டு நம் வினையெச்சத்தின் வேலையைச் செய்கிறது. சொன்ன ஆள் என்று பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பதுபோல அன-பீலாங் ஓராங் என்கிறார்கள். சாப என்றால் யார். சாப-சோ என்றால் யாரோ, சாப-லே என்றால் யாரும். முன்னிலையில் நெருக்கமானவரை லு என்றும், மரியாதைக்குரியவரை லோராங் என்றும் அழைக்கிறார்கள். லோராங் உண்மையில் பன்மையாகப் பிறந்த சொல். நீங்கள் என்பது ஒருவருக்கு மரியாதையாக வழங்குவதை ஒத்த வழக்கு இது.

இவற்றை எல்லாம் கண்டு இது மலாய்ச் சொல் போட்ட தமிழ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் மேலே கொடுத்த வினைகளை மறுபடி பாருங்கள். காலமும் எதிர்மறையும் வினைக்கு முன்னால் வருகின்றன. நடப்பதற்கு அர, முடிந்ததற்குச் சு அல்லது அன, வரப்போவதற்கு அத்தி, நடக்கவில்லை என்பதற்குத் தர, நடக்காது என்பதற்குத் தும. தமிழில் வினையடிக்குப் பின்னால் அடுக்கப்படுவது இங்கே முன்னால் அடுக்கப்படுகிறது. இது மலாயின் பழைய துணைச்சொல் வரிசை இறுகி முன்னொட்டாகிய வடிவம். அதோடு வினைமுற்றில் திணையும் பாலும் எண்ணும் கிடையா. நான் போனாலும் அவர்கள் போனாலும் சு-பீ தான். பெயர் தெற்காசியாவின் வழியில் போகிறது, வினை தென்கிழக்காசியாவின் எலும்புக்கூட்டைக் காத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் அமைப்பு மலேசியாவிலும் இல்லை, இந்தோனேசியாவிலும் இல்லை.

கொழும்பு வாசி

ஒலியன் அவர்களின் விளக்கம் அருமை. ஆனாலும் நீங்கள் காட்டிய ஒற்றுமைகளைப் பார்த்தால், மூலகாரணம் தமிழ்தான் என்று துணிந்து சொல்லிவிடலாமே. மலாயரும் சோனகரும் (தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்கள்) ஒரே மதத்தவர்; இலங்கைப் பள்ளிவாசல்களில் மார்க்கச் சொற்பொழிவு நெடுங்காலம் தமிழில்தான் நடந்தது. மலாய்ப் படைவீரர்கள் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களை மணந்தார்கள். தாய்மாரின் தமிழ் பிள்ளைகளின் மலாய்க்குள் புகுந்தது. இதை ஏன் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டும்?

ஒலியன்

நீங்கள் சொல்வது ஆய்வுலகிலும் வலுவான ஒரு தரப்பு. இயன் ஸ்மித், ஸ்காட் போ, ஹுசைன்மியா ஆகியோர் ஏறத்தாழ இப்படித்தான் வாதிட்டார்கள். மட்டக்களப்புப் பறங்கியரின் (ஐரோப்பிய வழித்தோன்றல்களின்) போர்த்துக்கேயக் கிரியோலை, அதாவது கலப்பில் பிறந்த மொழியை, ஸ்மித் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார். அந்த மொழியும் சொல்லில் ஐரோப்பியமாக இருந்துகொண்டு, வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னும் காலக்குறியை வினைக்கு முன்னும் வைக்கிறது. ஒரே தீவில் இரண்டு மொழிகள் ஒரே வழியில் மாறியிருப்பது எளிதில் ஒதுக்கக்கூடிய சான்று அன்று.

எதிர்த்தரப்பில் உம்பெர்த்தோ அன்சால்தோ, கலப்புத் திருமணம் அந்த அளவுக்குப் பரவலாக இருந்ததா என்று கேட்டார். மலாயர் தம் அடையாளத்தை இறுகப் பற்றிய சமூகம், மும்மொழி பேசிய பெரியவர்களே காலப்போக்கில் தம் மொழியை அக்கம்பக்கத்து மொழிகளின் அச்சில் வார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் பார்வை. அந்த அச்சில் சிங்களத்துக்கும் பங்கு உண்டு என்கிறார். இதையும் தள்ளிவிட முடியாது. எனக்குப் புரிகிறது என்பது போன்றவற்றைச் சிங்களமும் நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறது. என்று என்பதற்கு ஈடான கியலா, சொல்லுதல் வினையிலிருந்துதான் வருகிறது. பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று இடம் பால் காட்டுவதில்லை. தமிழும் சிங்களமும் தமக்குள்ளேயே இவ்வளவு நெருங்கிவிட்டபின், ஒரு கூறு எதிலிருந்து வந்தது என்று பல இடங்களில் பிரித்தறியவே முடிவதில்லை.

தமிழுக்குப் பெருமை சேர்க்கும் முடிவு எது என்று பார்த்துத் தேர்வதைவிட, கண்டி, பதுளை, ஹம்பாந்தோட்டை, கொழும்பு என்று ஒவ்வோர் இடத்துப் பேச்சையும் தனித்தனியே பார்ப்பது நல்லது. செபாஸ்தியன் நோர்தோஃப் 2009இல் மலைநாட்டு மலாய்க்கு முழுமையான ஓர் இலக்கணம் எழுதியிருக்கிறார். அதற்கு இணையான முழு விவரிப்பு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேண்டும்.

கம்பளைப் பேத்தி

இந்த இழையை ஆர்வத்தோடு படித்தேன். நான் மலாய்க் குடும்பத்தவள். தமிழ்மொழி மூலம் படித்ததால் தமிழில் எழுதுகிறேன். என் பாட்டியின் மொழிக்கு இவ்வளவு ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் சிங்களத்திலோ தமிழிலோ, வேலை ஆங்கிலத்தில், தொழுகை அரபியில், பயான் (மார்க்கச் சொற்பொழிவு) தமிழில் என்று ஆகிவிட்ட பிறகு, மலாய்க்கு எஞ்சியது சமையலறையும் பெருநாள் கூட்டமும்தான். என் தாயாரும் அவருடைய சகோதரிகளும் அச்சாறுக்கு வெங்காயம் உரிக்கும்போது மலாயில் பேசிக்கொள்வார்கள். நாங்கள் உள்ளே வந்தால் சிங்களத்துக்கு மாறுவார்கள். மறைப்பதற்காக அப்படிச் செய்யவில்லை; பிள்ளைகளின் படிப்புக்கு அதுவே நல்லது என்று நம்பினார்கள். விளைவு, என் தலைமுறைக்குக் கேட்டால் புரிகிறது, பேசினால் வாய் வருவதில்லை.

வீட்டில் யாரும் இதை இலங்கை மலாய் என்றோ வேறு மொழி என்றோ பிரித்துச் சொன்னதில்லை. ஆனால் மலேசியாவிலிருந்து வந்த ஒருவர் முன்னால் பாட்டி வாயே திறக்கவில்லை. தன் மலாய் பிழையான மலாய் என்று அவர் உறுதியாக நம்பினார். செ-டங் தாவு என்று சொல்வதை இலக்கணம் தெரியாதவர் பேச்சு என்றே என் உறவினர் பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது எனக்குத் தெரியும் என்ற தமிழ் அமைப்போடு நிற்கும் ஒழுங்கான வாக்கியம் என்று இங்கே படித்தபோது, அவருக்கு இதைக் காட்ட முடியவில்லையே என்ற ஏக்கம்தான் முதலில் வந்தது.

தீவுக்கரை

சகோதரி கம்பளைப் பேத்தி அவர்களின் பதிவு மனத்தைத் தொட்டது. ஆயினும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை. நானும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன். தரமலாய் வகுப்புகளை ஆதரிப்பவன். நாற்பதாயிரம் பேரின் வீட்டுமொழியைக் கொண்டு ஒரு பிள்ளைக்குப் பாடநூலோ வேலையோ பல்கலைக்கழகமோ கொடுக்க முடியாது. தரமலாய் கற்றால் கோலாலம்பூரும் ஜகார்த்தாவும் திறக்கின்றன. அதோடு, எழுத்து மலாய் எங்களுக்குப் புதிதும் அன்று. 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து அலாமத் லங்காபுரி என்ற இதழை வெளியிட்டார். 1890களில் வஜா சேலோங் வந்தது. நாங்கள் குண்டுல் என்று அழைக்கும் அரபு எழுத்தில் ஹிகாயத்து என்னும் கதைகளையும் பாந்துன் என்னும் பாடல்களையும் எங்கள் முன்னோர் எழுதினார்கள். அவற்றின் மொழி இலக்கிய மலாய். அதை மீட்டெடுப்பதை அந்நியமொழி இறக்குமதி என்று சொல்வது நியாயமாகாது.

நெய்தலார்

தீவுக்கரை அவர்களே, நீங்கள் சுட்டிய வரலாறு முழுக்க உண்மை. அதை இந்த இழையின் தொடக்கத்திலேயே நான் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த வரலாறே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது என்று நினைக்கிறேன். சல்தீனின் காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. இதழை இலக்கிய மலாயில் படித்தவர் வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு இலங்கை மலாயில் பேசினார். ஒன்று வந்ததால் மற்றது வெட்கத்துக்குரியதாகவில்லை. இன்று வகுப்பில் தரமலாய் கற்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து, ரூமா-நங் என்று சொல்லும் பாட்டியைக் கெ ரூமா என்று திருத்துமானால், வகுப்பு எந்த மொழியைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்டதோ அதையே அது அகற்றிவிடுகிறது.

லிசா லிம், அன்சால்தோ இருவரும் கிரிந்தையை முன்வைத்து இந்தச் சிக்கலைத்தான் எழுதினார்கள். சமூகத்துக்கு வலிமை தரும் மொழி ஒன்றாகவும், அழியும் நிலையில் உள்ள மொழி வேறொன்றாகவும் இருக்கும்போது வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எந்தப் பக்கம் நிற்பது என்பது அவர்களுடைய கேள்வி. முடிவு சமூகத்தின் கையில்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தங்கள் மொழி பிழையானது என்ற எண்ணத்தோடு எடுக்கப்படும் முடிவு சுதந்திரமான முடிவு ஆகாது. முதலில் அந்த எண்ணம் அகல வேண்டும். கிரிந்தை, ஹம்பாந்தோட்டை ஆகிய கரையோர ஊர்கள் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் பட்ட இழப்பை நாம் அறிவோம். சிறுவர்கள் பேசும் கடைசி இடமான கிரிந்தை கடற்கரையில், மீன்பிடித் தொழிலை நம்பி இருக்கிறது. வகுப்புத் திட்டங்கள் பற்றிய வாதம் முடியும்வரை காத்திருக்கும் நிலை அங்கே இல்லை.

தீவுக்கரை

பாட்டியைப் பேரப்பிள்ளை திருத்தக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தரமலாய் வகுப்பிலேயே இந்த வேறுபாட்டை ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கலாம்: அங்கே டாரி ரூமா, நம் வீட்டில் ரூமா-டெரிங், இரண்டும் சரி என்று. ஆசிரியர் வெளிநாட்டிலிருந்து வருபவரானால், உள்ளூர் முதியவர் ஒருவர் அவருடன் அமர வேண்டும். இதை எங்கள் ஊர்க் கூட்டத்தில் முன்வைக்கிறேன். ஆனால் எழுத்து இல்லாமல் பாடம் நடத்த முடியாதே? குண்டுல் வாசிப்பவர்கள் எங்களிடையே மிகவும் அருகிவிட்டார்கள்.

கம்பளைப் பேத்தி

நாங்கள் கைபேசியில் ஆங்கில எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறோம், ஆளுக்கொரு மாதிரி. ஒலியன் தங்கை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியதைப் பார்த்ததும் என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். டாத்தங் என்பதை உடனே பிடித்துக்கொண்டார். அச-மாகங் என்பதை மட்டும், அந்த அ அவ்வளவு திறந்து ஒலிக்காது என்று சொல்லித் தந்தார்.

ஒலியன்

அம்மாவின் காது மிகச் சரி, அக்கா. அந்த முன்னொட்டுகளில் வருவது வாய் பாதி மூடிய ஒரு குறுக்க உயிர். அதற்குத் தமிழில் எழுத்தில்லை. நோர்தோஃப் தம் இலக்கணத்தில் அதற்கென்று எழுத்தின் மேல் ஒரு குறி இட்டிருக்கிறார். இன்னொரு பக்கம், பல்லில் நா படும் த ஒலியையும் நா மடங்கும் ட ஒலியையும் இலங்கை மலாய் பிரித்து வழங்குகிறது. ஆங்கில எழுத்தில் இதைக் காட்ட இரண்டெழுத்துச் சேர்க்கை தேவைப்படுகிறது. தமிழிலும் சிங்களத்திலும் தனித்தனி எழுத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் தமிழில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் ஒரே எழுத்தில் அடங்கிவிடுவதால், மலாயில் பொருள் வேறுபடும் இடங்களில் குழப்பம் வரும். எந்த எழுத்தும் முழுமையாகப் பொருந்தாது என்பதால், குடும்பங்கள் ஏற்கெனவே கைபேசியில் பயன்படுத்தும் ஆங்கில எழுத்தையே எடுத்துக்கொண்டு, குறுக்க உயிருக்கும் த, ட வேறுபாட்டுக்கும் மட்டும் ஒரே முறையைப் பின்பற்றலாம் என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். உங்கள் தாயாரும் அவர் சகோதரிகளும் அடுத்த முறை அச்சாறு போட உட்காரும்போது, அவர்களுடைய அனுமதியோடு கைபேசியில் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். வாக்கியம் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டாம். அவர்கள் பாட்டுக்குப் பேசட்டும். கதை சொல்லும்போது எங்கே யங் வருகிறது, எங்கே வராமல் போகிறது, அன எப்போது, சு எப்போது என்பதெல்லாம் கேள்வி கேட்டு வாங்கிய வாக்கியங்களில் சரியாகப் பிடிபடுவதில்லை.

கம்பளைப் பேத்தி

வரும் பெருநாளுக்குப் பெரியம்மாமார் எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்கிறேன். வெளியிட விரும்பாத பகுதிகளை நீக்கிவிட்டு மிகுதியை எழுத்தாக்கத் தங்களின் உதவி வேண்டும், தங்கை. தீவுக்கரை அண்ணனும் விரும்பினால் ஹம்பாந்தோட்டைப் பக்கத்துப் பேச்சைச் சேர்க்கலாம். எங்கள் மலைநாட்டுப் பேச்சோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.